குளவியில்லாத கூடு

ஊரில் பாதிப் பேர் அவரைப் பூச்சிக்காரர் என்பார்கள், மீதிப் பேர் மருந்தடிக்கிறவர் என்பார்கள். மாமனார் வீட்டில் மட்டும் அவர் மூட்டைப்பூச்சி மாப்பிள்ளை. கல்யாணமான புதிதில் அந்த வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தவர், உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்து, மெத்தையைப் புரட்டிப் போட்டு, தையலோரத்தை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு குடும்பமே குடியிருக்கு மாமா" என்று சந்தோஷமாக அறிவித்தாராம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. மாமியார் அந்த அவமானத்தை மறக்கவே இல்லை. ஆனாலும் வருடாவருடம் மருந்தடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்.

எதையாவது கண்டுபிடித்துவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்; இவர் பக்கத்தில் நின்று, கரையான் எந்த மூலையில் தொடங்கி எந்தக் கதவு நிலை வழியாக ஏறியது என்று கல்யாண வீட்டுக்கு வழி சொல்வதுபோல முகமெல்லாம் சிரிப்பாக விளக்கிக்கொண்டிருப்பார். தொழிலில் கெட்டி. தரைக்கு அடியில் ஆள் ஊர்ந்து போகிற இடைவெளி இருந்தால் போதும், அந்தத் தொப்பையோடு எப்படித்தான் நுழைவாரோ, உள்ளே போய்விடுவார்.

வேலை நேரம் போக மற்ற நேரத்தில் ஏதாவது ஒரு கிறுக்கு அவரைப் பிடித்து ஆட்டும். முதலில் புறா வளர்த்தார். புறாக்கள் ஒவ்வொன்றாகப் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோயின. பிறகு பழைய வானொலிப் பெட்டிகளைப் பிரித்தார், பிரித்ததோடு சரி. அதற்கப்புறம் வீட்டிலேயே தொலைநோக்கி செய்கிறேன் என்று ஒரு கண்ணாடி வட்டை மாதக்கணக்கில் தேய்த்தார். நிலாவைக் காட்டுவதற்குள் வட்டு விரிசல் விட்டது. அவர் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் ஓரத்தைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். அந்த வட்டை முதல் நாளே கையில் வாங்கிப் பார்த்து, இது தாங்காது என்று சொல்லியிருந்தார். அவர் கேட்கவில்லை. அதிலிருந்து வீட்டில் எந்தப் புதுப் பேச்சு எடுத்தாலும், "இது அடுத்த கிறுக்கா, இல்ல பழசோட மிச்சமா?" என்று மனைவி முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வார்.

அந்தக் கோடையில் ஒரு காலை நேரத்தில் பல் டாக்டரம்மா ஒருவர் கூப்பிட்டார். தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் சரிவான தோட்டம், சரிவு இறங்காமலிருக்கக் கல் அடுக்கிய சுவர். சுவர் முழுவதும் படர்ந்திருந்த கொடியை அந்த வாரம்தான் வெட்டியிருக்கிறார்கள். வெட்டியதும் சுவரின் நடுவில் இடுப்பளவு உயரத்துக்குப் பெரிய குளவிக்கூடு ஒன்று தெரிந்ததாம். டாக்டரம்மாவின் கணவருக்கு ஒருமுறை குளவி கொட்டி முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அன்றிலிருந்து ரீங்காரம் கேட்டாலே ஜன்னலைச் சாத்துகிறவர். கூடு என்றதும் அவர் மாடியைவிட்டு இறங்கவே மறுத்துவிட்டார்.

பூச்சிக்காரர் போய் எட்ட நின்று பார்த்தார். சாம்பல் நிறம், பீப்பாய் வடிவம், மேலெல்லாம் வரிசை வரிசையாகக் குழிகள். இவ்வளவு பெரிய கூட்டை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. வேனுக்கு ஓடினார். முகமூடி, கையுறை, முழு உடுப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு, தொட்டியைத் தோளில் ஏற்றி, நீளக் குழலால் குழி குழியாக மருந்தைப் பீய்ச்சினார். மாடி ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் டாக்டரம்மாவின் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு குளவி கூட விழவில்லை. இன்னொரு தொட்டி அடித்தார். ஒரு சிலந்தி மட்டும் எரிச்சலோடு வெளியே வந்து சுவர்மேல் ஏறிப் போனது. கடைசியில் கழியை எடுத்து ஓங்கி ஒரு குத்து விட்டார். கழி டங் என்று எகிறி அவர் முழங்கையை உலுக்கிவிட்டது.

கல். சுத்தமான, பாறை மாதிரிக் கல்.

முகமூடியைக் கழற்றினார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தபோது வெட்கமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. குழிகள் ஒவ்வொன்றும் சாய்சதுரம், கோலிக்குண்டு உள்ளே போகிற அளவு. அவை சும்மா சிதறிக் கிடக்கவில்லை. ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி ஏறின. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று மனம் அடித்துக்கொண்டது. அன்னாசிப்பழமா? இல்லை. விரலைக் குழியின் விளிம்பில் ஓட்டிப் பார்த்தபோது சட்டென்று பிடிபட்டது. மாதம் ஒருமுறை அவர் மருந்தடிக்கப் போகிற பெரிய ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் குட்டைப் பனைபோல இரண்டு சைக்கஸ் செடிகள் தொட்டியில் நிற்கும். பனிக்காலத்தில் வெளியே வைத்தால் கருகிவிடும் என்று வருடம் முழுவதும் உள்ளேயே வைத்திருப்பார்கள். இலையில் வெள்ளைச் செதில்பூச்சி அப்பிக்கொள்ளும். பழைய மட்டைகளை வெட்டி வெட்டி அதன் குட்டைத் தண்டில் இப்படித்தான், இதே சாய்சதுரத் தழும்புகள் சுற்றிச் சுற்றி ஏறியிருக்கும். எத்தனை தடவை அந்தத் தண்டைத் துணியால் துடைத்திருக்கிறார்.

"டாக்டரம்மா, இது கூடு இல்ல. மரம்" என்றார்.

"இப்பத்தான் கல்லுன்னு சொன்னீங்க."

"கல்லுதாங்க. மரமும்தாங்க."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு குனிந்தார். நாற்பது வருடம் வாய்க்குள் பார்த்த கண்கள் குழிகளுக்குள் புகுந்து புகுந்து வந்தன. பிறகு வீட்டுக்குள் போய், தன்னுடைய பழைய பல் சுரண்டும் கருவிகளை ஒரு தட்டில் வைத்து எடுத்துவந்தார். இருவரும் அன்று மத்தியானம் வரை ஒவ்வொரு குழியிலிருந்தும் பாசியையும் காரையையும் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பூச்சிக்காரர் அடுத்து போக வேண்டிய இரண்டு வீடுகளுக்கும் போகவில்லை.

மறுநாள் அருங்காட்சியகத்துக்குப் போய், வாசலில் இருந்தவர் காட்டிய மூன்றாவது மாடியில், தாவரப் புதைபடிவங்களை ஆராய்கிற ஒரு மேடத்தைப் பிடித்தார். மேடம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேசையில் டப்பாவைச் சுற்றிலும் கற்கள். பூச்சிக்காரர் கைபேசியை நீட்டினார். மேடம் ஒரு படம் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், கரண்டியைக் கீழே வைத்தார்.

"இது எங்க இருக்கு?"

"பத்து நிமிஷத்துல போயிடலாம். ஆனா என் வண்டி கொஞ்சம் மருந்து நாறும்."

மேடம் டப்பாவை மூடக்கூட இல்லை. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் சுவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, கல்லைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் திரும்பி, இதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள் என்றார். மட்டை மேல்நோக்கி முளைக்கும், தழும்பு இந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், இது அந்தப் பக்கம் சாய்கிறது. பத்துக் கோடி வருடத்துக்கும் மேலாக இருக்கலாம் இதன் வயது. யாரோ கொத்தனார் வந்து சிரசாசனம் செய்ய வைத்துவிட்டார் என்று சொல்லிச் சிரித்தார். பூச்சிக்காரருக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஏதோ தன் வீட்டுப் பிள்ளையை யாரோ புகழ்ந்த மாதிரி இருந்தது.

ஆனால் மேடம் அடுத்து கேட்ட கேள்வி அவரை உலுக்கிவிட்டது. இந்தக் கல் எங்கிருந்து வந்தது? இந்த மண்ணிலேயே முளைத்த மரமா, வேறெங்கிருந்தோ வண்டியில் வந்ததா? அது தெரியாவிட்டால் இதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது.

மேடம் பொறுமையாக விளக்கினார். சைக்கஸும் அதைப்போன்ற செடிகளும் இன்றைக்கு உலகத்தில் அங்கொரு துண்டு இங்கொரு துண்டாக, வெயில் அடிக்கிற தேசங்களில்தான் வளர்கின்றன. நடுவில் பெரிய பெரிய கடல்கள். ஒரு காலத்தில் அவை இல்லாத இடமே இல்லை. இன்று பனி மூடிக் கிடக்கிற துருவப் பக்கத்துப் பாறைகளில்கூட அந்த மாதிரி இலைகள் அச்சாகிக் கிடக்கின்றன. எந்தக் காலத்தில் எது எங்கே வளர்ந்தது என்று புள்ளி புள்ளியாக வைத்துத்தான், அன்றைக்கு நிலம் எப்படி ஒட்டியிருந்தது, காற்று எப்படி இருந்தது என்று சொல்கிறார்கள். இந்தப் பகுதியில் இதுவரை ஒரு புள்ளிகூட இல்லை. "இப்போதைக்கு இது விலாசம் இல்லாத ஆள். விலாசத்தைக் கண்டுபிடிச்சுக் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார் மேடம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் பூச்சிக்காரர் வாயே மூடவில்லை. மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார். அவர் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

விலாசம் தேடுவது லேசாக இல்லை. டாக்டரம்மா வீட்டைக் கட்டிய ஒப்பந்தக்காரர் இன்னும் இருந்தார், ஆனால் அவருக்கு ஞாபகம் நாளொரு விதமாக இருந்தது. முதலில் ஆற்றங்கரைக் கல் என்றார். அப்புறம் பழைய ரயில் மேடையை இடித்தபோது வந்தது என்றார். கடைசியாக, ஒரு கல் வியாபாரியிடம் லாரி லாரியாக வாங்கியது என்று நிலைத்து நின்றார். வியாபாரி போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகன் குளியலறைச் சாமான் கடை வைத்திருந்தான். பூச்சிக்காரர் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, அப்பா அந்தக் காலத்தில் தோட்ட அலங்காரத்துக்கென்று வினோதக் கற்களைக் கப்பலில் வரவழைப்பார், இதுவும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும் என்று சாதாரணமாகச் சொன்னான்.

பூச்சிக்காரர் அந்தக் கடை வாசலிலேயே கைபேசியை எடுத்தார். மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னார். அப்படியானால் அது ஒரு அழகான கல், அவ்வளவுதான், வருத்தப்படாதீர்கள் என்று மேடம் சொன்ன குரலிலேயே வருத்தம் இருந்தது. இருந்தாலும் சுவரிலிருந்து பத்திரமாக எடுத்துவிடலாம், டாக்டரம்மா அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டாரே என்றார்.

எடுப்பதற்கு வந்தவர் பூச்சிக்காரரின் மச்சான், மனைவியின் அண்ணன். பொக்லைன் ஓட்டுகிறவர். ஊரில் அவர் குழி தோண்டாத இடம் இல்லை. ஒரு குட்டிப் பொக்லைனைப் பக்கவாட்டுக் கேட் வழியாக மயிலிறகு மாதிரி உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். பூச்சிக்காரரைப் போலவே மச்சானுக்கும் வழுக்கை, தொப்பை, அதே தொங்கு மீசை. மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அண்ணன் தம்பியா என்று கேட்டார்.

"எல்லாரும் அப்படித்தாங்க கேப்பாங்க. ரத்த சம்பந்தமே கிடையாது. நான் இவர் பொண்டாட்டிக்கு அண்ணன்" என்றார் மச்சான்.

மேடம் கையைத் தட்டினார். பூச்சிக்காரர் வாடிவிடுவாரோ என்று தயங்கிக்கொண்டிருந்த விஷயத்தைச் சொல்ல வழி கிடைத்துவிட்டது அவருக்கு. இந்தக் கல்மரமும் அப்படித்தான் என்றார். பார்க்க அச்சாக சைக்கஸ் மாதிரி இருக்கும், அந்தக் காலத்துப் பெரிய ஆராய்ச்சியாளர்களே சைக்கஸ் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் தழும்புகளுக்கு நடுவில் பாருங்கள், அங்கங்கே வட்டமாக ரோஜா மொட்டு மாதிரி வீங்கியிருக்கிறது. சைக்கஸுக்குக் காய் உச்சியில்தான் வரும். இதற்கு மட்டைகளுக்கு இடையில், தண்டோடு தண்டாகப் புதைந்து வந்திருக்கிறது. இது வேறு குடும்பம். டைனோசர் காலம் முடிகிறபோது வம்சமே அற்றுப்போன குடும்பம். தோற்றத்தைப் பார்த்து உறவு சொல்லக் கூடாது என்பதற்கு நீங்கள் இரண்டு பேரும் நல்ல சாட்சி. பூச்சிக்காரர் தான் சைக்கஸ் என்று சாதித்தது தவறாகிவிட்டதே என்று கொஞ்சமும் வாடவில்லை. அற்றுப்போன குடும்பம் என்றதும் அவருக்கு இன்னும் உற்சாகமாகிவிட்டது.

கல்லைப் பட்டையில் கட்டித் தூக்கினார்கள். சுவருக்குள் மறைந்திருந்த பின்பக்கம் முதல்முறையாக வெளிச்சத்துக்கு வந்தது. அந்தப் பக்கத்துக் குழிகளில் காரையே இல்லை. அவற்றில் கெட்டியாக ஏதோ அடைந்திருந்தது. ஊதா நிறக் களிமண், சோப்பு மாதிரி வழவழப்பாக. மச்சான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். ஒரு துளி எச்சில் தொட்டு அந்த மண்ணை விரலால் தேய்த்தார்.

"மாப்பிள்ளை, இந்தச் சனியனை எனக்குத் தெரியும்."

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். மச்சான் வண்டி பழகிய புதிதில் செய்த முதல் பெரிய வேலை, ஊருக்கு மேலே குடிநீர் நிலையத்தில் தொட்டிக்குக் குழி தோண்டியது. ஓரிடத்தில் இந்த ஊதாச் சேறு வந்தது. பொக்லைன் பக்கெட்டின் பல்லில் ஒட்டிக்கொண்டு விடவே விடாது. ஒவ்வொரு முறையும் இறங்கிக் கம்பியால் சுரண்ட வேண்டும். மேஸ்திரியிடம் தினம் திட்டு. அங்கே வந்த கல்லையெல்லாம் யார் யாரோ லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் இத்தனை வருடத்தில் இந்த ஊரைச் சுற்றி வேறெங்கேயும் அந்த மண்ணை அவர் பார்த்ததில்லை.

அது எந்த வருடம் என்று டாக்டரம்மா கேட்டார். மச்சான் சொன்னார். டாக்டரம்மா அதே வருடம்தான் இந்த வீட்டுக்குக் குடிவந்திருந்தார்.

பூச்சிக்காரர் மச்சானைக் கட்டிப் பிடித்துவிட்டார். பட்டையில் தொங்கிக்கொண்டிருந்த கல் லேசாக ஆடியது. கல்லைப் பாருங்கள், கல்லைப் பாருங்கள் என்று மேடம் பதறினார்.

குடிநீர் நிலையத்துப் பொறியாளர் படங்களையெல்லாம் பார்த்துவிட்டு அனுமதி கொடுத்தார். ஆனால் தொட்டி இருந்த இடம் முழுக்கக் கான்கிரீட். சரிவில் புல் மண்டிக் கிடந்தது. அரை நாள் சுற்றியும் ஊதா நிறம் கண்ணில் படவில்லை. பொறியாளருக்குத்தான் அது தோன்றியது: சரிவைக் குறுக்கே குடைந்து ஒரு மழைநீர் வடிகால் போகிறது. இரண்டு முனையிலும் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், நடுவில் பாறை கெட்டியாக இருந்ததால் பூசாமல் விட்டுவிட்டார்கள். உயரம் இடுப்பளவுதான். குனிந்துகூடப் போக முடியாது, ஊர்ந்துதான் போக வேண்டும்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் பூச்சிக்காரர் உடுப்பை மாட்ட ஆரம்பித்துவிட்டார்.

வடிகாலில் தண்ணீர் வற்றட்டும் என்று பொறியாளர் தடுத்துவிட, வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு நாளில்தான் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். கயிற்றின் மறுமுனை மச்சான் கையில். ஏதாவது ஆகிவிட்டால் இழுப்பது என்று ஏற்பாடு. அவர் மனைவியும் அன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். வேடிக்கை பார்க்க என்று சொல்லிக்கொண்டாலும், கயிற்றின் முடிச்சை இரண்டு முறை இழுத்துச் சரிபார்த்தவர் அவர்தான்.

உள்ளே ஈர வாடை. சிமெண்ட் முடிந்து பாறை தொடங்கியது. சுவரில் கரையான் தடம் தேடும்போது செய்கிற மாதிரி, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைக் கிடைமட்டமாக ஓடவிட்டார். அப்படி அடித்தால் சின்ன மேடு பள்ளமும் நிழல் விழுந்து தெரியும். முதலில் வெறும் சாம்பல் பாறை. கொஞ்சம் தள்ளித் தரையோரமாக ஒரு ஊதாப் பட்டை தலைகாட்டியது. போகப் போக அகலமானது. கை தொட்டதும் வழுக்கியது. இன்னும் கொஞ்சம் ஊர்ந்தார். டார்ச் வெளிச்சத்தில் சுவர் முழுவதும் திடீரென்று சாய்சதுர நிழல்கள் எழுந்து நின்றன.

அவர் கத்தினார். இருக்கிறது, நிற்கிறது என்று கத்தியது வெளியே வந்து சேர்ந்தபோது வெறும் அலறலாகத்தான் கேட்டது. மாட்டிக்கொண்டார் என்று நினைத்து மச்சான் கயிற்றை இழுத்தார். நல்ல பலம் அவருக்கு. பூச்சிக்காரர் தன் வாழ்நாளின் மிகப் பெரிய கண்டுபிடிப்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, கால் முன்னால், தலை பின்னால், சேற்றில் சறுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"விடுங்க மச்சான், விடுங்க, அங்க நிக்குது" என்று முகமெல்லாம் சேறாக அவர் சொன்னதைக் கேட்டு, மனைவி பயம் தெளிந்து உட்கார்ந்தே விட்டார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவருக்கு.

மேடம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. சேலை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு வடிகாலுக்குள் புகுந்துவிட்டார். பூச்சிக்காரர் பின்னாலேயே ஊர்ந்து போனார். இடத்தை அடைந்ததும் மேடம் அசையாமல் கிடந்தார். தண்டு களிமண்ணுக்குள் நிமிர்ந்து நின்றது. அதன் அடியிலிருந்து விரல் தடிமனில் கருப்புக் கோடுகள் கிளை பிரிந்து பிரிந்து கீழே இறங்கின. வேர்கள் போன தடம்.

"தலை மேல, கால் கீழ" என்றார் மேடம் மெதுவாக. "இங்கயே முளைச்சு, இங்கயே நின்னு, நின்ன இடத்துலயே புதைஞ்சிருக்கு."

அந்த ஊதா மண், எரிமலைச் சாம்பல் விழுந்து ஊறிக் களிமண்ணானது என்று சில வாரங்களில் தெரிந்தது. சுவர்க் கல்லின் குழிகளிலிருந்து எடுத்த மண்ணையும் வடிகால் மண்ணையும் கழுவி நுண்ணோக்கியில் பார்த்தபோது, இரண்டிலும் ஒரே மகரந்தத் தூள்கள். விலாசம் கிடைத்துவிட்டது.

பிறகு சுவர்க் கல்லை அறுக்க வேண்டியிருந்தது. அறுக்கலாமா என்று மேடம் தயங்கித் தயங்கி டாக்டரம்மாவிடம் கேட்டார். உள்ளே பார்க்காமல் எப்படி வைத்தியம் செய்வது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வைரப்பல் வைத்த ரம்பத்தால் அறுத்து, ஒரு சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவுகிற வரை தேய்த்தார்கள். அதைப் பார்க்கப் பூச்சிக்காரரும் மனைவியும் போயிருந்தார்கள். பூச்சிக்காரர் நுண்ணோக்கியில் குனிய, அவர் மனைவி தேய்க்கிற மேசைப் பக்கம் போய் நின்றுகொண்டார். எந்தப் பொடி போடுகிறீர்கள், எத்தனை முறை மாற்றுகிறீர்கள், ஓரம் உதிரவில்லையா என்று அங்கிருந்த பெண்ணிடம் கேள்விமேல் கேள்வி. கல்லையும் லென்ஸ் மாதிரி தேய்ப்பார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சற்று நேரத்தில் தானே ஒரு சீவலை வாங்கி விரல் நுனியால் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

நுண்ணோக்கியில் ஒரு மொட்டு குறுக்காக வெட்டுப்பட்டுத் தெரிந்தது. நடுவில் விதைகள், அரிசி மாதிரி. ஆனால் மொட்டின் ஒரு பக்கம் குடையப்பட்டிருந்தது. வளைந்து வளைந்து போன ஒரு சுரங்கம், அதற்குள் குட்டிக் குட்டி உருண்டைகள். பூச்சிக்காரர் தலையைத் தூக்கவே இல்லை.

"மேடம், இது வண்டுப் புழு வேலை. இதெல்லாம் அதோட எச்சம்."

ஆமாம் என்றார் மேடம். கடல் தாண்டிய ஒரு தேசத்தில் இதேபோன்ற மரங்களிலும் இப்படிக் குடைந்த தடம் கிடைத்திருக்கிறது, மகரந்தத்தை எடுத்துப்போனதும் அந்த வண்டுகளாக இருக்கலாம் என்று சொன்னார். தனக்கு அவ்வளவு பழைய காலத்திலேயே வேலை இருந்திருக்கிறதே என்று பூச்சிக்காரர் சொல்ல, மேடம் சிரித்ததில் மேசை குலுங்கியது.

பிறகு மேடம் தடித்த அட்டையில் வெட்டிய கண்டங்களை எடுத்து மேசைமேல் பரப்பினார். கடல் தாண்டிய தேசத்தில் கிடைத்த மரத்தின் விதையும் மகரந்தமும் இதோடு பொருந்துகின்றன என்று, அங்கேயொரு சிவப்புப் பொட்டு வைத்தார். இங்கே ஒன்று வைத்தார். இரண்டுக்கும் நடுவில் மேசையே அகலமாகக் கிடந்தது. பிறகு இரண்டு அட்டைகளையும் உள்ளங்கையால் மெல்லத் தள்ளினார். ஓரங்கள் உரசி நின்றபோது, இரண்டு பொட்டுகளுக்கும் இடையில் இரண்டு விரல்கட்டை இடைவெளிதான்.

"அப்ப கடல் எப்ப வந்துச்சு நடுவுல?" என்று கேட்டது மனைவி. கையில் சீவலும் விரலில் பொடியுமாக, தேய்க்கிற மேசையிலிருந்து அவர் எப்போது வந்து நின்றார் என்று பூச்சிக்காரருக்குத் தெரியாது. மேடம் சொல்லச் சொல்ல அவர் அட்டைகளைத் தானே நகர்த்திப் பார்த்தார். திரும்ப ஒட்டினார். மறுபடியும் பிரித்தார். விதை எதுவும் கடலைத் தாண்டிப் போகவில்லை, நிலம்தான் செடியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்திருக்கிறது என்று புரிந்தபோது, கணவர் தோளைப் பிடித்து உலுக்கினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வேனில் பேசியவர் அவர்தான். பூச்சிக்காரர் வண்டி ஓட்டினார். கிறுக்கா என்ற பேச்சு அன்று எழவே இல்லை. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அருங்காட்சியகத்தில் சீவல் தேய்க்க முறைப்படி சேர்ந்துகொண்டவர் மனைவிதான். அந்த வேலையில் அவர் கை படிந்ததுபோல் வேறு யாருக்கும் படியவில்லை என்று மேடம் எல்லாரிடமும் சொல்வார்.

பொறியாளர் வடிகாலை வேறு பக்கம் திருப்பிவிட ஏற்பாடு செய்தார். மழைக்காலம் முடிந்ததும் சரிவை மேலிருந்து திறந்தார்கள். மேல்மண்ணை எடுத்தது மச்சான். பக்கெட்டின் பல்லில் ஊதா நிறம் ஒட்டியதுமே நிறுத்திவிட்டு, இதற்கு மேல் கையால்தான் என்று இறங்கிவிட்டார். மேடத்தின் மாணவர்கள், டாக்டரம்மா, நிலையத்து ஆட்கள் எல்லாரும் சின்னக் கரண்டியும் தூரிகையுமாக உட்கார்ந்தார்கள். டாக்டரம்மாவின் கணவர்கூட முகத்துக்கு வலை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

முதல் தண்டின் தலை மத்தியானத்துக்கு முன்பே தெரிந்தது. அதைச் சுற்றி வேலை செய்துகொண்டிருந்தபோது கொஞ்சம் தள்ளி ஒரு மாணவி, இங்கேயும் இருக்கிறது என்றாள். அடுத்து டாக்டரம்மா பக்கத்தில் ஒன்று. பொழுது சாய்வதற்குள் ஏழு தண்டுகள் நின்றன. குட்டை, உயரம், ஒன்று இரட்டைத் தலை, ஒன்று இன்னும் பிஞ்சு, தேங்காய் அளவுதான். எல்லாம் முளைத்த இடத்தில் முளைத்தபடி. அவற்றுக்கு நடுவில் களிமண்ணில், உதிர்ந்த மட்டைகள் சீப்பின் பல் போல வரிவரியாக அச்சாகிக் கிடந்தன. இது ஒரு மரமில்லை, காட்டின் தரை.

மேடம் காலணியைக் கழற்றிவிட்டு இறங்கினார். பூச்சிக்காரரும் கழற்றினார். சாம்பல் விழுந்த நாளுக்கு முந்தைய நாள் இங்கே காற்று அடித்திருக்கும், வண்டு பறந்திருக்கும், இந்தப் பிஞ்சுக்கு முதல் மட்டை விரிந்திருக்கும் என்று அவருக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் மனைவி பிஞ்சுத் தண்டின் அருகே குத்துக்காலிட்டு, அதன் மேலிருந்த மண்ணை வாயால் ஊதிக்கொண்டிருந்தார்.

"வெளிச்சம் போறதுக்குள்ள ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு தூரம்னு அளந்துடணும்" என்று மேடம் அளவு நாடாவை நீட்டினார். பூச்சிக்காரர் மட்டை அச்சுகளில் கால் படாமல் எட்டி எட்டி வைத்துப் போய், இரட்டைத் தலைத் தண்டின் பக்கத்தில் நாடாவின் முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். இந்தப் பக்கத்திலிருந்து மேடம் அளவைப் படித்துச் சொல்ல, மாணவி எழுதிக்கொண்டாள். அடுத்ததுக்குப் போகலாமா என்று பூச்சிக்காரர் கேட்டார்.